விசில் ஏன் ஊதப்பட்டது என்று தமிழிலும் சொல்லுங்கள்: றக்பி நிர்வாகிகளுக்கும் ஒளிபரப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

இலங்கையில் றக்பி விளையாட்டை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கும், கழகப் போட்டிகளையும் பாடசாலைப் போட்டிகளையும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் ஒளிபரப்பும் உரிமையைப் பெற்றுள்ள நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இன்றும் அங்கேயே வசித்து வருகின்ற ஒரு றக்பி இரசிகன் எழுதும் மடல் இது. கழகப் போட்டிகளும் பாடசாலைப் போட்டிகளும் நடைபெறும் மாதங்களிலும், வெளிநாடுகளில் பெரிய போட்டிகள் நடக்கும் இரவுகளிலும், ஆட்டத்தின் போக்கை உடனுக்குடன் தமிழில் எழுதி முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவொன்றிலும் பகிர்ந்து வருகிறேன். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நாவலப்பிட்டி, பதுளை எனப் பல இடங்களில் உள்ளவர்களும், இங்கிருந்து கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்களும் அதை வாசிக்கிறார்கள். அவர்கள் சார்பில் என்னிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. கண்டியிலும் மலையகத்தின் ஏனைய மைதானங்களிலும் நடைபெறும் போட்டிகளிலிருந்தாவது தொடங்கி, றக்பிக்குத் தமிழில் நேர்முக வர்ணனை வழங்குங்கள். மைதானத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ எழுத்தில் வர்ணனை செய்யும் இரசிகர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை எழுத்தில் வெளியிடுங்கள்.

நான் பின்தொடர்ந்து வரும் நேரடி ஒளிபரப்புகளில் வர்ணனை ஆங்கிலத்தில் இருக்கிறது. சில வேளைகளில் சிங்களத்திலும் இருக்கிறது. தமிழ் நாளிதழ்களும் தமிழ் இணையத்தளங்களும் போட்டி முடிந்த பிறகு முடிவைத் தருகின்றன, அதற்கு நன்றியுடையவர்களாக இருக்கிறோம். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் அந்த எண்பது நிமிடங்களில், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அதன் மொழியில் பேச எவரும் இல்லை. வேறு எந்த விளையாட்டையும் விட றக்பியில் இது பெரிய குறை என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உதைபந்தாட்டத்தில் பந்து வலைக்குள் போனால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. றக்பி அப்படிப்பட்டதன்று. இரு பக்கத்திலும் சேர்த்து முப்பது பேர் ஆடுகிறார்கள். பந்தோடு ஓடியவர் வீழ்த்தப்படுகிறார். அவர் மேல் இன்னும் நான்கைந்து பேர் வந்து விழுகிறார்கள். எங்கோ விசில் கேட்கிறது. மத்தியஸ்தர் ஒரு பக்கத்துக்குக் கையை உயர்த்துகிறார். ஆட்டத்தின் முடிவையே மாற்றக்கூடிய மூன்று புள்ளிகள் அந்த ஒரு சைகையில் அடங்கியிருக்கின்றன. பார்த்துக்கொண்டிருப்பவருக்கோ தெரிவதெல்லாம் ஒரு குவியல்தான். றக்பியில் அதிகம் தீர்மானிக்கும் விடயம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதை ஒருவர் வாயால் சொல்லித்தான் தெரியவேண்டும். சொல்பவர் இல்லாவிட்டால் இது முரட்டு விளையாட்டு என்ற ஒரே எண்ணத்தோடு மக்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கள் குழுவில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மகன் கண்டியில் ஒரு பாடசாலையின் இளையோர் அணியில் முன்வரிசையில் ஆடுகிறான். போட்டியன்று மகன் எங்கே நிற்கிறான் என்பதைத் தேடியே அவர் ஒளிபரப்பைப் பார்ப்பார். ஒரு நாள் குரல் பதிவொன்று அனுப்பியிருந்தார்: "தம்பி, பந்து நம்ம பையன் கையிலதானே இருந்திச்சு, அப்புறம் எதுக்கு அவங்களுக்குக் குடுத்தாரு?" மிகச் சரியான கேள்வி அது. பந்து அவன் கையில் இருந்ததுதான் குற்றம். வீழ்த்தப்பட்டவர் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். வீழ்த்தியவரும் அவரை விட்டு விலக வேண்டும். உதவிக்கு வருகிறவர்கள் தம் பக்கத்தின் பின்புறமிருந்து, கீழே விழாமல் காலூன்றி வர வேண்டும். இவற்றில் எது மீறப்பட்டது என்பதை மத்தியஸ்தர் கைகளால் காட்டுவார். பந்தை மார்போடு அணைத்திருப்பது போல இரு கைகளையும் வைத்தால், வீழ்ந்தவர் பந்தை விடவில்லை என்று பொருள். கையைக் கிடையாக நீட்டிப் பக்கவாட்டில் அசைத்தால், யாரோ பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறார். இவ்வளவையும் எழுதி அனுப்பிய பிறகு அடுத்த போட்டியில் அந்தத் தாய் மத்தியஸ்தரின் கைகளைப் பார்க்கத் தொடங்கினார். நான் எழுதுவதற்கு முன்பே "பையன் விடல போல" என்று அவரே எழுதிவிட்டார். இந்த விளையாட்டுக்கு அன்று ஓர் இரசிகை கிடைத்தார் என்று நான் நம்புகிறேன். அந்த விளக்கம் அவருக்கு ஒளிபரப்பிலேயே கிடைத்திருக்க வேண்டியது.

2023ஆம் ஆண்டின் உலகக் கிண்ண இறுதிப் போட்டியை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். பாரிஸ் நகருக்கு அருகில் ஒக்டோபர் 28ஆம் திகதி இரவு தொடங்கிய ஆட்டம், நமக்கு 29ஆம் திகதி நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணி. தோட்டத்தில் அந்நேரம் பெரும்பாலான வீடுகளில் விளக்கு இராது. ஆயினும் குழுவில் கேள்விகள் ஓயவில்லை. முதற்பாதியில் நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனுக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. சில நிமிடங்களில் அது சிவப்பாக மாறியது. ஆண்கள் உலகக் கிண்ண இறுதிப் போட்டியொன்றில் வெளியேற்றப்பட்ட முதல் வீரர் அவர். மைதானத்தில் மத்தியஸ்தர் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர, வெளியே ஓர் அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரி காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து அதைச் சிவப்பாக உயர்த்தலாம் என்ற ஏற்பாடு அந்த உலகக் கிண்ணத்தில் நடைமுறையில் இருந்தது. இது தெரியாதவருக்கு, ஒரு முறை தண்டனை கொடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறிக் கூட்டினார்கள் என்றுதான் தோன்றும். இரண்டாம் பாதியில் தென்னாபிரிக்கத் தலைவர் சியா கொலிசிக்கும் மஞ்சள் அட்டை காட்டப்பட்டு, அதுவும் அதே அறைக்குப் போனது. ஆனால் அது மஞ்சளாகவே நின்றது. ஒரே இரவில், இரு அணிகளின் தலைவர்கள், இரு வேறு முடிவுகள். தலையில் படும் மோதலின் அபாயம் எந்த அளவுக்கு உயர்ந்தது என்பதை வைத்தே நிறம் தீர்மானிக்கப்படுகிறது என்பதை எழுதி முடிப்பதற்குள் விரல் வலித்துவிட்டது.

அந்த ஆட்டம் 12க்கு 11 என்று தென்னாபிரிக்காவின் பக்கம் முடிந்தது. தென்னாபிரிக்கா ஒரு ட்ரைகூட வைக்கவில்லை; அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிக்கவில்லை. எதிரணியின் குற்றங்களுக்காகக் கிடைத்து ஹண்ட்ரே பொலார்ட் உதைத்த நான்கு பெனால்டிகளால், ஒவ்வொன்றுக்கும் மூன்றாக, வந்தவையே அந்தப் பன்னிரண்டு புள்ளிகளும். நியூசிலாந்து ஒரு ட்ரை வைத்தது. அதற்குரிய ஐந்து புள்ளிகள் கிடைத்தன. ட்ரைக்குப் பின் மேலும் இரண்டு புள்ளிகளுக்காக உதைக்கும் கன்வெர்ஷன் உதை தவறியது. அந்த இரண்டு புள்ளிகள் சேர்ந்திருந்தால் அவ்வேளையில் நியூசிலாந்து முன்னிலை பெற்றிருக்கும். கடைசி நிமிடங்களில் செஸ்லின் கொல்பி மஞ்சள் அட்டை பெற்று வெளியே அமர்ந்து, மேற்சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தன் அணியின் விதியைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. அந்தக் காட்சியைத் திரையில் கண்ட எவருக்கும் மொழி தேவைப்பட்டிராது. ஆனால் அவர் ஏன் அங்கே அமர்ந்திருக்கிறார், பந்தைக் கையால் தட்டியது ஏன் அவ்வளவு பெரிய குற்றமாகக் கொள்ளப்பட்டது, பதினான்கு பேரோடு எஞ்சிய நேரத்தைக் கடத்துவது எவ்வளவு கடினம் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த மூடிய முகம் நெஞ்சைத் தொடும். விடிந்தால் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய பலர் அன்று ஆட்டம் முடியும்வரை உறங்காமல் இருந்தார்கள். தமிழில் சொல்ல ஒருவர் இருந்ததே அதற்குக் காரணம் என்று அவர்களே எனக்கு எழுதினார்கள்.

மலையக மக்களுக்கு றக்பியின்மேல் என்ன உரிமை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த விளையாட்டு இந்நாட்டில் வேரூன்றிய நிலமே எங்கள் மலைகள்தான். 1879இல் கொழும்பில் முதல் கழகம் அமைந்தது உண்மை. ஆனால் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட வந்த துரைமார் கண்டியிலும், டிக்கோயா மஸ்கெலியாப் பக்கத்திலும், திம்புளைப் பள்ளத்தாக்கிலும், ஊவாவிலும் கழகங்களை அமைத்து ஒருவரோடொருவர் மோதியதால்தான் அது நாடு தழுவிய விளையாட்டாயிற்று. பாடசாலைகளுக்கு அதைக் கொண்டுவந்தவர் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியின் நிறுவுநர் எல். ஈ. பிளேஸ், ஆண்டு 1891. பாடசாலைகளுக்கிடையிலான முதற் போட்டி 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையில் கண்டியில் நடந்தது. 1908இல்தான் நாட்டின் றக்பிச் சங்கம் அமைந்தது. கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிராட்பி கேடயத்தின் ஒரு சுற்று கண்டியில் நடப்பது மரபு. கழக மட்டத்தில் 1990களிலிருந்து கண்டிக் கழகம் எழுப்பியிருக்கும் கோட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிங்ஸ்வூட்டிலிருந்து வந்து கண்டியையும் நாட்டையும் தலைமை தாங்கிய பாசில் மரிஜாவின் பெயர் இங்கே சிறுவர்களுக்கும் தெரியும்.

தரவளையிலும் ரதல்லயிலும் உள்ள மைதானங்களைச் சுற்றியிருக்கும் மலைகளைக் காடழித்துத் தோட்டமாக்கியவர்கள் எங்கள் முன்னோர். அவர்களது வருகையின் இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். துரைமார் ஆடிய காலத்தில், வேலை முடிந்து திரும்பும் வழியில் வீதியோரத்தில் நின்று பார்த்ததாக என் பாட்டனார் சொல்லியிருக்கிறார். என்ன விளையாட்டு என்று கேட்டால், "தேங்கா மாதிரி ஒரு பந்து" என்பார். அதற்கு மேல் அவருக்கு எவரும் எதுவும் விளக்கியதில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசித் திரைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பது 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு அரசியலமைப்பில் எழுதப்பட்ட விடயம். நாட்டின் பெயரால் ஆடப்படும் ஒரு விளையாட்டின் குரலில் அம்மொழி இடம்பெற வேண்டும் என்று கேட்பது அதிகமாகாது.

தமிழில் றக்பி வர்ணனை செய்தால் யார் கேட்பார்கள் என்ற கேள்வியையும் நான் எதிர்கொண்டிருக்கிறேன். தமிழகத் தொலைக்காட்சிகளில் கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் வந்த தமிழ் வர்ணனை எங்கள் லயன் வீடுகளின் டிஷ் அன்டெனாக்கள் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் கபடிப் போட்டியை அமர்ந்து பார்க்காத வீடுகளில் இன்று வீரர்களின் பெயர்கள் அத்துப்படி. குரல் வந்த பிறகுதான் கூட்டம் வந்தது. கூட்டம் வரட்டும், பிறகு குரல் தருகிறோம் என்று காத்திருந்தால் எந்நாளும் இது நடவாது.

இதற்கு றக்பி உலகத்திலேயே உயர்ந்த முன்மாதிரி இருக்கிறது. தென்னாபிரிக்காவில் கோசா மொழி பேசும் மக்களிடையே, குறிப்பாகக் கிழக்குக் கேப் பகுதியில், றக்பிக்கு மிக நீண்ட வரலாறு உண்டு. இருந்தும் அவர்கள் மொழியில் தொலைக்காட்சி வர்ணனை பிந்தியே வந்தது. அதற்கு முன்னோடியாக நின்றவர் காவுண்டா ந்துன்ஜா. தென்னாபிரிக்கப் பாடசாலைகள் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பின வீரரும் அவரே. 2018 ஜூனில், சியா கொலிசி முதன்முறையாகத் தேசிய அணியின் தலைவராக இங்கிலாந்துக்கு எதிராக மைதானத்துக்குள் வந்தபோது, கோசா மக்கள் தம் பெரியோரைப் புகழ்ந்து பாடும் மரபிலேயே ந்துன்ஜா அவரை அறிமுகப்படுத்தினார். அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் குரல் ஏறி ஏறி உச்சத்துக்குப் போகும்போது, தம் பிள்ளை ஒருவன் தலைவனாக வருவதை ஒரு சமூகமே எழுந்து நின்று வரவேற்பது எனக்குக் கேட்டது. 2020இல், நாற்பது வயதுகூட நிரம்பாத நிலையில், கொவிட் நோயால் அவர் காலமானார். அந்நாட்டு றக்பி உலகம் ஒரு வீரரை இழந்ததுபோலவே அவருக்காகத் துக்கம் கொண்டாடியது. வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழியில் றக்பி வர்ணனை நெடுங்காலமாக இருக்கிறது. நியூசிலாந்தில் 2011 உலகக் கிண்ணம் மாவோரி மொழி வர்ணனையோடும் ஒளிபரப்பானது. அம்மக்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலமும் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அவர்களுக்குத் தாய்மொழிக் குரல் தேவைப்பட்டது. எங்கள் தோட்டங்களில் ஆங்கில வர்ணனையைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். இணைய ஒளிபரப்புக்கு இரண்டாவது ஒலித்தடம் ஒன்றைச் சேர்ப்பது புதிய ஒளிபரப்பொன்றைத் தொடங்குவதாகாது. படப்பிடிப்பு ஏற்கனவே இருக்கிறது. வேண்டியவர்கள் இருவர்: ஆட்டத்தை ஓட்டமாகச் சொல்ல ஒருவர், விதிகளை விளக்க ஒருவர். கண்டியிலும் கொழும்பிலும் தமிழ் மொழிமூலம் படித்து, பாடசாலை அணிகளில் ஆடி, இன்று ஆசிரியர்களாகவும் வங்கி உத்தியோகத்தர்களாகவும் இருப்பவர்கள் உள்ளனர். விதிகளைக் கற்க விரும்புவோருக்கு உலக றக்பி அமைப்பின் இணையத்தளத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறது. அவர்களை அழைத்து ஒரு பருவகாலம் முழுவதும் பழக்குங்கள். முதல் சில போட்டிகளில் தடுமாற்றம் இருக்கும், பரவாயில்லை. முழு ஒலித்தடம் உடனே இயலாதென்றால், கண்டியில் நடக்கும் பெரிய போட்டிகளுக்கு மட்டும் தொடங்குங்கள். அல்லது வானொலியில் தொடங்குங்கள். மலையில் வேலை செய்பவருக்கு வானொலியே வசதி, கையில் பிடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். போட்டிக்கு முன் வெளியிடும் அணி விபரத்தைத் தமிழிலும் வெளியிடுங்கள். வீரர்களின் பெயர்களைத் தமிழில் சரியாக எழுதுவதற்கே நான் போட்டிக்கு முந்திய மாலையைச் செலவழிக்கிறேன். ஒரே வீரரின் பெயர் மூன்று செய்திகளில் மூன்று விதமாக வருகிறது. ஒரு பையனின் பெயர் முதன்முறை அச்சில் வரும்போது அது சரியாக இருக்கவேண்டாமா?

இனி இரசிகர்களைப் பற்றி. பாடசாலைப் போட்டியொன்றைப் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தபோது, ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்து, ஒளிபரப்பு உரிமை வேறொருவருக்கு விற்கப்பட்டிருப்பதால் நான் தட்டச்சு செய்வதை நிறுத்த வேண்டும் என்றார். அந்தப் பாடசாலையையோ அவரையோ குறை கூறுவது என் நோக்கமன்று. அவருக்கும் தெளிவான அறிவுறுத்தல் இருந்திருக்காது. நான் காணொளி எடுப்பதில்லை, ஒளிபரப்பின் ஒலியை மீள்பதிவு செய்வதுமில்லை. "22ஆவது நிமிடம், ட்ரை, வலது மூலை, கன்வெர்ஷன் தவறியது, 5க்கு 3" என்று எழுதுகிறேன். அதோடு உத்தியோகபூர்வ ஒளிபரப்பின் இணைப்பையும் ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் பகிர்கிறேன். பார்க்க இயன்றவர்கள் அங்கே போகிறார்கள். இயலாதவர்கள் என் எழுத்தை வாசிக்கிறார்கள். மலைமுகட்டில் கோயில் மேட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும் தோட்டங்கள் இன்னும் உண்டு. மாதக் கடைசியில் ரீலோட் செய்யக் காசில்லாத வீடுகளும் உண்டு. அங்கே காணொளி ஓடாது, எழுத்து மட்டும் போய்ச் சேரும். அவர்களை நான் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. நாளைய பார்வையாளர்களாக உங்களுக்காகக் காத்து வைக்கிறேன்.

அதே வேளை, எழுதும் எங்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். பாடசாலை மாணவன் ஒருவன் காயப்பட்டால் நான் அவன் பெயரை எழுதுவதில்லை, படத்தையும் பகிர்வதில்லை; மைதானத்தில் பிள்ளை அசையாமல் கிடக்கிறான் என்ற செய்தி வீட்டாருக்கு முகநூல் வழியாகப் போகக்கூடாது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்து வீரர் வெளியே அழைத்துச் செல்லப்பட்டால், அது அவர் பாதுகாப்புக்கான நடைமுறை என்பதை மட்டும் சொல்கிறேன். மூளை அதிர்ச்சியா இல்லையா என்று ஊகிப்பது என் வேலையன்று. மத்தியஸ்தரின் தீர்ப்பைக் கேள்வி கேட்கலாம், அவரைத் திட்டக்கூடாது; திட்டும் பதிவுகளைக் குழுவிலிருந்து நீக்குகிறேன். சிவப்பு அட்டை பெற்ற பதினெட்டு வயதுப் பையனை ஆட்டம் முடிந்த பிறகும் நாள்கணக்கில் கேலி செய்யும் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. அவற்றைத் தடுக்க நீங்கள் முன்வந்தால் நாங்கள் துணை நிற்போம். இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். ஒவ்வொரு மைதானத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் நிலை அதோடு முடியும்.

பாடசாலைகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தோட்டப் பாடசாலைகளில் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் ஆடும் பிள்ளைகளிடம் கால்வலுவுக்குக் குறைவில்லை. ஏற்றமும் இறக்கமுமாக மைல்கணக்கில் நடந்து படிக்கப் போகிறவர்கள் அவர்கள். எழுவர் றக்பி 2016 முதல் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. அதற்குப் பெரிய எண்ணிக்கையில் ஆட்கள் தேவையில்லை. ஆனால் ஒரு பந்தையும் பயிற்றுநரையும் அனுப்பிவைப்பதோடு அது ஆகிவிடாது. பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து இன்று என்ன கற்றேன் என்று சொல்லும்போது, கேட்கும் தகப்பனுக்கு அது கொஞ்சமாவது புரியவேண்டும். அந்தப் புரிதலை வர்ணனை தரும். ஆட்டத்தை அறியாத பெற்றோர் பிள்ளையை ஆட விடமாட்டார்கள். அடிபடும் என்ற பயம் அவர்களுக்கு நியாயமானது. எப்படிப் பிடித்து வீழ்த்தினால் பாதுகாப்பு, எங்கே தலையை வைக்க வேண்டும், எந்தப் பிடி தடை செய்யப்பட்டது என்று ஒருவர் தமிழில் பேசக் கேட்டால்தான் அந்தப் பயம் அறிவாக மாறும்.

அடுத்த பருவகாலத்தின் போட்டி அட்டவணையை நீங்கள் வெளியிடும் முன், கண்டிக் கழகத்தின் மைதானமான நித்தவளையில் நடைபெறும் ஏதாவது ஒரு கழகப் போட்டியைத் தெரிவு செய்து, அதற்குத் தமிழ் ஒலித்தடம் ஒன்றைச் சோதனையாகச் சேர்ப்பதாக அறிவியுங்கள். எங்கள் குழுவில் உள்ளவர்கள் எந்த ஊதியமும் கேளாமல் பெயர்களைத் தமிழில் எழுதித் தருவார்கள், விதி விளக்கங்களைச் சரிபார்ப்பார்கள், அன்று ஒளிபரப்பைக் கேட்டுக் குறைநிறைகளை எழுதி அனுப்புவார்கள். இரசிகர்களுக்கான வழிகாட்டலை வரையும்போது எங்களையும் ஒரு முறை அழைத்துக் கேளுங்கள். கண்டிக்கு வரத் தயாராக இருக்கிறோம், கொழும்புக்கு அழைத்தாலும் இரவு ரயிலில் வந்துவிடுவோம். உங்கள் பதிலைத் தமிழில் அனுப்பி வைத்தால், ஒரு எழுத்தும் மாற்றாமல் அதைக் குழுவில் பகிர்வேன்.

இப்படிக்கு,
மலையக றக்பி இரசிகன் ஒருவன்,
டிக்கோயா